மதுரையில் இரட்டை மீன் வரைவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மதுரையில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் இரட்டை மீன் கண்ணில் படுகிறது. தெருமுனை வளைவு, சித்திரைத் திருவிழா பேனர், ஆட்டோவின் பின்கண்ணாடி, பள்ளிச் சட்டைப் பை, கபடி அணியின் பனியன், கல்யாணப் பத்திரிகை என்று பாண்டியரின் சின்னத்தை ஊர் தானாகவே எடுத்து அணிந்துகொண்டிருக்கிறது. ரயில் நிலையத்தின் முன்னால் இருந்த மீன் சிலை அகற்றப்பட்டபோது, அதைத் திரும்ப வைக்கக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. ஊருக்கு இந்தச் சின்னத்தின் மேல் இருக்கும் உரிமையுணர்வு அவ்வளவு. ஆனால் வரையப்படும் மீன்களில் பல பாண்டியர் மீன்களாக இல்லை. ஒன்றின் வாலை மற்றொன்று துரத்தும் மீனராசிப் படமும், லக்னோவின் மீனும், தொட்டியில் வளர்க்கும் வண்ண மீனும் மதுரையின் சின்னம் என்ற பெயரில் நிற்கின்றன. கல்லிலும் காசிலும் தெளிவான சான்று இருக்கும்போது இப்படி நேர்வது வேதனை தருகிறது. வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் ஆகியோருக்குக் கைகொடுக்கும் என்று நம்பி இதை எழுதுகிறோம்.

முதலில் சான்று. சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசுகளில் ஒரு பக்கம் குதிரையும், தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயரும் இருக்கின்றன. மறுபக்கம் மீன். ஆனால் அது செதிலும் கண்ணும் வைத்து வரைந்த மீன் அல்ல. கோணம் கோணமாக ஒடியும் சில கோடுகளால் ஆன மீன். போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகளின் பின்பக்கத்திலும் அதே வகைக் கோட்டு மீன் உண்டு. அவற்றைப் பாண்டியர் வெளியீடாக அறிஞர்கள் கொள்வதற்கு அதுவே காரணம். கச்சிதமான, நவீனமான ஒரு இலச்சினை வேண்டும் என்று தேடுகிற டிசைனர்கள் இந்தக் கோட்டு மீனைப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த வேலையை மிகச் சிக்கனமாக முடித்துவிட்டார்கள்.

இன்று நாம் மனத்தில் வைத்திருக்கும் இணைகயல், அதாவது இரட்டை மீன், பிற்காலப் பாண்டியர் காலத்து வடிவம். 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய செப்புக் காசுகளில் இரண்டு மீன்கள் அருகருகே நிமிர்ந்து நிற்கும். நடுவே செண்டு என்னும் வளைந்த தலை ஆயுதம் இருக்கும். மறுபக்கம் ‘சுந்தர பாண்டியன்’, ‘எல்லாந் தலையானான்’, ‘சமரகோலாகலன்’ போன்ற பெயரோ பட்டமோ வரும். பாண்டிய நாட்டுக் கோயில்களில் அண்ணாந்து பார்த்தால், விதானக் கற்களில் இதே அமைப்பைப் புடைப்பாகக் காணலாம். எண்ணிக்கை இரண்டுதான் என்பதற்குக் கல்வெட்டே சாட்சி. சடையவர்மன் வீரபாண்டியனின் ஈழ வெற்றியைச் சொல்லும் குடுமியான்மலைக் கல்வெட்டு, கோணமலையிலும் திரிகூடகிரியிலும் கொடியில் ‘இருகயல்’ எழுதியதைக் குறிப்பிடுகிறது. கோணமலை என்பது இன்றைய திருகோணமலை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். பிரெட்ரிக் கோட்டை என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கோட்டையின் வாசல் கல்லில் இரட்டை மீன் இன்றும் இருக்கிறது. வைகைக் கரையிலிருந்து கடல் தாண்டிப் போன சின்னம் அங்கே தெளிவாக நிற்க, வைகைக் கரையிலேயே அதை மாற்றி வரைவது முறையல்ல.

நடுவில் நிற்கும் செண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அல்லது அந்த இடத்தில் சூலம், வேல், வாள், குத்துவிளக்கு என்று கைக்கு வந்ததை வைத்துவிடுகிறார்கள். செண்டு என்பது நீண்ட தண்டும் வளைந்த தலையும் கொண்ட ஆயுதம். அது பாண்டியரோடு ஒட்டியே வருவது. உக்கிரகுமார பாண்டியனுக்குச் சோமசுந்தரர் வேலும் வளையும் செண்டும் கொடுத்ததையும், அவன் அந்தச் செண்டால் மேருவை அடித்ததையும் திருவிளையாடற் புராணம் தனித்தனிப் படலங்களாகவே பாடுகிறது. ஆக, மீன் குலத்தின் அடையாளம் என்றால் செண்டு அந்தக் குலத்தின் ஆட்சி அதிகாரம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் மீன் படம். மீன் கடைப் பலகைக்கும் அதற்கும் வேறுபாடு சொல்ல முடியாது. செண்டின் வடிவம் தெரியவில்லை என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஐயனார் கையில் இருப்பது அதுதான். வளைவு எவ்வளவு, தண்டு எவ்வளவு நீளம் என்பதை அங்கேயே நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

குடையும் சாமரமும் பற்றி ஒரு வார்த்தை. சில புடைப்புகளில் மீன்களுக்கு மேலே வெண்கொற்றக் குடை, இருபுறம் சாமரம் என்று விரிவாக இருக்கும். அவை அரச மரியாதையின் குறிகள். எல்லா மன்னருக்கும் பொது. இடம் இருந்தால் சேர்க்கலாம், இல்லையென்றால் விடலாம். செண்டை மட்டும் விடக் கூடாது. பாண்டியரின் பூ வேம்பு என்பதால் வேப்பிலைச் சரத்தை ஓரமாகச் சுற்றிக்கொள்வதும் பொருத்தமே. சோழருக்கு ஆத்தி, சேரருக்குப் பனம்பூ, பாண்டியருக்கு வேம்பு என்பது தொல்காப்பியத்திலேயே வரும் செய்தி. மேலைநாட்டுச் சின்னங்களில் வருகிற லாரல் இலை வளையத்தைக் கொண்டுவந்து கயலைச் சுற்றிக் கட்டுவதைவிட, நம் தெருவோரத்து வேம்பு எவ்வளவோ மேல்.

புலி, வில், கயல் மூன்றையும் ஒன்றாக வைக்கும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் ஒற்றுமையின் அடையாளமாக இன்று அதை வைக்கிறோம். அந்த நோக்கம் நல்லது. ஆனால் பழைய வழக்கில் மூன்றையும் ஒன்றாகப் பொறித்தவர் மற்ற இருவரையும் வென்றதாகச் சொல்லிக்கொண்டவர். சிலப்பதிகாரத்தில் வடநாட்டு அரசர்களுக்குப் போகும் சேரனின் ஓலைகளில் மூன்று சின்னமும் பொறித்த மண் முத்திரை வருகிறது. சோழரின் லெய்டன், திருவாலங்காட்டுச் செப்பேடுகளின் முத்திரையில் அமர்ந்த புலியின் எதிரே இரண்டு மீன், கூடவே வில், மேலே குடையும் சாமரமும் இருக்கின்றன. அந்தச் சோழ முத்திரையில் நம் கயல் தோற்றவரின் சின்னமாக இருக்கிறது. இது தெரியாமல் அதே படத்தைப் ‘பாண்டியர் முத்திரை’ என்று மதுரை பேனர்களில் போடுகிறார்கள். இணையத்தில் பழைய காசுப் படம் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: மீனோடு அமர்ந்த புலி இருந்தால் அது சோழர் காசு. மதுரைக்கு அதை எடுக்க வேண்டாம். பன்றியும் வாளும் சூரிய சந்திரரும் இருந்தால் அது விஜயநகரம்.

தவறான மீன் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கணினியில் தயாராகக் கிடைக்கும் படங்களிலிருந்து. ‘இரட்டை மீன்’ என்று ஆங்கிலத்தில் தேடினால் முதலில் வருவது மீனராசி. அதில் ஒரு மீன் மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் வட்டமாக வளைந்திருக்கும். அடுத்து வருவது உத்தரப் பிரதேச அரசின் சின்னம். அதிலும் இரண்டு மீன் உண்டு. அவை அவத் நவாபுகளின் வழியாக வந்தவை. கூடவே இராமனைக் குறிக்கும் வில்லும் அம்பும், கங்கை யமுனைச் சங்கமத்தைக் குறிக்கும் அலைக்கோடுகளும் இருக்கும். சமணரின் எண்மங்கலப் பொருள்களில் ஒன்றாகவும் இரட்டை மீன் வருவதுண்டு. இவை ஒவ்வொன்றும் தம் இடத்தில் மதிப்புக்குரியவை; பாண்டியரோடு தொடர்பில்லாதவை. வேறுபடுத்தும் வழி எளிது. வளைந்து வட்டமிட்டால் இராசி. வில்லும் அலையும் கூட வந்தால் லக்னோ. இரண்டும் நேராக நின்று, தலை மேலே இருந்து, நடுவே செண்டு இருந்தால் மதுரை.

இனி மீனின் உடல். கயல் கெண்டை இனம். கெண்டைக்கு முதுகில் ஒரே ஒரு துடுப்பு, ஏறக்குறைய உடலின் நடுவில். செவுளுக்குப் பின்னால் ஒன்று, வயிற்றின் நடுவில் ஒன்று, வாலுக்குச் சற்று முன்னால் கீழே ஒன்று என்று மற்றத் துடுப்புகள். வால் இரண்டாகப் பிளந்திருக்கும். வாய் சிறியது, பல் தெரியாது. செதில் பெரிது பெரிதாக, ஓடு வேய்ந்ததுபோல் வரிசையாக அமையும். விராலுக்கு முதுகுத் துடுப்பு நீளமாக ஓடும், வால் உருண்டை. ஜிலேபிக் கெண்டைக்கு முதுகில் முள் நிரையாக நிற்கும். பெயரில் கெண்டை இருந்தாலும் அது நம் நீர்நிலைக்குப் பின்னாளில் வந்த மீன். தொட்டியில் வளர்க்கும் தங்க மீனுக்குத் துடுப்பு முந்தானைபோல் தொங்கும். சுறாவுக்குச் செதிலே தெரியாது. படம் வரைபவர் மாட்டுத்தாவணிப் பக்கமோ நெல்பேட்டையிலோ மீன் கடையில் ஒரு கெண்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வரைந்தால் இந்தப் பிழைகளில் பாதி வராது.

அளவு. காசுகளும் புடைப்புகளும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுவதால் ஒரே அளவு என்று எதுவும் விதியாக இல்லை. இன்றைய வேலைக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதுதான். மீனின் அகலத்தை ஒரு பங்கு என்று வையுங்கள். மீனின் நீளம் 3 பங்கு. இரு மீன்களுக்கும் இடையே 1 பங்கு இடைவெளி. ஆக அகலம் 3, உயரம் 3. ஒரு சதுரத்துக்குள் அடங்கும். இடைவெளியின் நடுவே செண்டு. தண்டின் தடிமன் பங்கில் ஐந்தில் ஒன்று, உயரம் மூன்றேகால் பங்கு. அதாவது செண்டின் வளைவு மீன்களின் தலைக்கு மேலே தனியாகத் தெரிய வேண்டும். தலைகளுக்கு இடையே அது புதைந்துவிட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வெறும் கோடாகத்தான் தெரியும். வயிறு செண்டை நோக்கி, முதுகு வெளியே. முதுகுத் துடுப்பு சதுரத்துக்கு வெளியே கால் பங்கு நீளலாம். குடை வைத்தால் அதற்கு மேலே 1 பங்கு ஒதுக்குங்கள். கண்ணை உடலின் நீளத்தில் எட்டில் ஒரு பங்குத் தொலைவுக்குள், மூக்குப் பக்கமாக வையுங்கள். பின்னால் தள்ளி வைத்தால் மீன் பறவைபோல் ஆகிவிடும். இடது மீனை மட்டும் வரைந்து, அதையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வலது மீனாக வைத்தால் இரண்டும் ஒத்திருக்கும். ஆனால் செண்டைத் திருப்பக் கூடாது. அதன் வளைவு எந்தப் பக்கம் என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் எல்லாப் பிரதியிலும் அப்படியே இருக்க வேண்டும். கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கரிலும் ரப்பர் ஸ்டாம்பிலும்தான் அது அடிக்கடி இடம் வலமாக மாறிவிடுகிறது. ஸ்டாம்புக்குக் கொடுக்கும்போது ‘செண்டின் வளைவு அச்சில் வலப்பக்கம் விழ வேண்டும்’ என்று எழுதியே கொடுங்கள்.

பெரிய வடிவம், சிறிய வடிவம் என இரண்டு படங்கள் கட்டாயம் வேண்டும். ஒரே படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பயன்படுத்துவதால்தான் முக்கால்வாசிக் கெடுதல். ஓர் அங்குல ஸ்டாம்பில் செதில் வரிசை வைத்தால் மை அடைத்து மீன் கறுப்புத் திட்டாகிவிடும். சிறிய படத்தில் வெளிக்கோடு, கண், செவுள் வளைவு, வால் பிளவு, செண்டு இவ்வளவு போதும். பள்ளிச் சட்டையில் தையல் எம்பிராய்டரி போடும்போதும் அப்படியே. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டை நூல் சரியாக எடுக்காது. நூல்கள் ஒன்றோடொன்று மோதி முடிச்சாகும். இரண்டு படங்களையும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த சிறு படத்தை 20 அடி ஃப்ளெக்ஸுக்கு இழுத்தால் ஓரமெல்லாம் படிக்கட்டாக உடையும். ஃப்ளெக்ஸ் மையில் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் வெளுக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சிவப்புக் கோட்டில் மட்டும் வரைந்த மீன் மதுரை வெயிலில் சில மாதங்களில் மங்கிவிடும். வெளிக்கோட்டைக் கறுப்பில் வையுங்கள்.

கருங்கல்லில் செதுக்குவோர் ஆழத்தைக் கவனிக்க வேண்டும். வளைவின் உச்சியில் வைக்கும் கல்லில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) ஆழத்துக்குச் செதில் கீறினால் கீழேயிருந்து தெரியாது. அதன்மேல் இரண்டு கோட் பெயிண்ட் அடித்துவிட்டால் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது. மீனின் உடல் பின்தளத்திலிருந்து குறைந்தது ஒன்றரை அங்குலம் எழும்பி நிற்கட்டும். செதில் கோடு மூன்று நூலாவது ஆழம் போகட்டும். வடக்குப் பார்த்த முகத்துக்கு நேர் வெயில் குறைவு. நிழல் விழாவிட்டால் புடைப்பு தட்டையாகத் தெரியும். அங்கே இன்னும் ஆழம் கொடுக்க வேண்டும். கிழக்குப் பார்த்த முகத்தில் வெயில் ஏறிச் சாய்வாகப் படும்போது நிழல் விழுவதால் குறைந்த ஆழமே எடுப்பாக இருக்கும். பழைய விதானக் கற்களில் அந்தச் சின்னம் இத்தனை நூற்றாண்டுக்குப் பின்னும் படிக்க முடிவதற்கு, சிற்பி செதிலைக் குறைத்து உருவத்தின் ஓரத்தை ஆழமாக வெட்டியதே முக்கியமான காரணம்.

சிமெண்ட் சுதை வேலையில் முதலில் உடைவது செண்டுதான். உள்ளே வைத்த கம்பியில் ஈரம் பட்டுத் துருவேறினால் அது பருத்து, மேலிருக்கும் சிமெண்டை வெடிக்க வைக்கும். பிறகு தண்டு துண்டு துண்டாக உதிரும். மீன் மட்டும் மிஞ்சும். செண்டு இல்லாத இரட்டை மீன்கள் ஊரில் இவ்வளவு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம். திறந்த வெளியில் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 25 மில்லிமீட்டராவது சிமெண்ட் மூடியிருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர்க் கம்பிக்கு இருபுறமும் 25 சேர்த்தால் தண்டின் தடிமன் 56 மில்லிமீட்டர், அதாவது இரண்டேகால் அங்குலம். மேலே சொன்ன அளவுப்படி தண்டு ஐந்தில் ஒரு பங்கு என்றால், ஒரு பங்கு 11 அங்குலத்துக்கு மேல் வரும். மொத்த உருவம் ஏறக்குறைய 3 அடி. ஆகவே 3 அடிக்குச் சின்னதாகச் செய்யும்போது செண்டைத் தனியாக நிற்க விடாதீர்கள். பின்சுவரோடு ஒட்டிய புடைப்பாக, கம்பியே இல்லாமல் செய்துவிடுங்கள். பெரிதாகத் தனித்து நிற்க வேண்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுவது நல்லது.

மெழுகு வார்ப்பில் வெண்கலமோ பித்தளையோ வார்ப்பவர்களுக்கு இது தெரிந்ததே: தண்டு மிக மெலிந்திருந்தால் உலோகம் முனை வரை ஓடுவதற்குள் இறுகிவிடும். செண்டின் வளைவு முனையில் தனிக் காற்றுவழி வைப்பதும், செண்டை மீன்களின் துடுப்போடு இரண்டு இடங்களில் தொட்டு நிற்கும்படி அமைப்பதும் பாதுகாப்பு. தகட்டில் சிஎன்சி கட்டிங் செய்பவர்கள், உருவத்தை வெட்டித் துளையாக விடும்போது மீனின் கண் தனித்துண்டாகக் கீழே விழுந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கண்ணைச் சுற்றி இரண்டு சிறு பாலங்கள் விட்டு வெட்ட வேண்டும்.

நிறத்துக்குக் கல்லும் காசும் வழிகாட்டாது. அங்கே மேலைநாட்டார் தம் நகரச் சின்னங்களுக்கு வைத்திருக்கும் ஒரு பழைய விதி உதவும். பொன், வெள்ளி இரண்டையும் (அதாவது மஞ்சள், வெள்ளையை) அவர்கள் உலோகம் என்பார்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறம். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது. போர்க்களத்தில் தொலைவிலிருந்து கேடயத்தை அடையாளம் காண வேண்டிய தேவைக்குப் பொருந்தும் விதி அது. பைபாஸ் சாலையில் ஓடும் பேருந்திலிருந்து வளைவைப் பார்ப்பவருக்கும் பொருந்தும். வெள்ளைப் பலகையில் மஞ்சள் மீனும், நீலப் பின்னணியில் சிவப்பு மீனும் காணாமல் போவதற்குக் காரணம் அந்த விதியை மீறுவதே. எங்கள் விருப்பம் செங்காவிப் பின்னணியில் பொன்னிற மீன், வெள்ளைக் குடை. கோயில் நகரத்துக்கு அந்தச் செங்காவி பழகிய நிறம், தொலைவிலிருந்தும் எடுபடும்.

அந்த மேலை மரபில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று இதைவிட முக்கியம். அங்கே சின்னம் என்பது முதலில் படம் அல்ல, எழுத்து. எந்த நிறத் தளத்தில், எந்த உருவம், எந்தப் பக்கம் பார்த்து, எத்தனை என்று ஓரிரு வாக்கியத்தில் வரையறுத்துவிடுவார்கள். எந்த ஓவியர் வரைந்தாலும் அந்த வாக்கியத்துக்குள் நின்றால் சின்னம் சரி. நம் நாட்டுச் சின்னத்துக்கும் அப்படி வரையறை இருக்கிறது. சாரநாத் தூணின் நான்கு சிங்கங்களில் மூன்று தெரியும்; கீழே நடுவில் சக்கரம், வலப்பக்கம் காளை, இடப்பக்கம் குதிரை, அடியிலிருந்த கவிழ்ந்த தாமரை நீக்கம். 1950 ஜனவரி 26 அன்று ஏற்கப்பட்ட அந்தச் சின்னத்தில் காளை எந்தப் பக்கம் என்று இன்று யாரும் சண்டை போடுவதில்லை. எழுத்து வரையறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு அரசின் சின்னமே எடுத்துக்காட்டு. 1940களின் இறுதியில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில், அதை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தை வைத்தே வரைந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்ற நம்பிக்கையும் பரவலாக வேரூன்றிவிட்டது. மதுரை மேலைக் கோபுரம் 9 நிலை, ஸ்ரீவில்லிபுத்தூர் 11 நிலை. ‘இன்ன கோபுரம், இத்தனை நிலை’ என்று ஒரு வரி அன்றே ஊரறிய எழுதி வைத்திருந்தால் இரண்டு ஊர்களும் இத்தனை ஆண்டுகள் வாதாட வேண்டியிருக்காது. வரைந்தவரின் சொல்லையே நாங்கள் ஏற்கிறோம் என்றாலும், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களின் பெருமிதத்தில் தவறு காணவில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கயலோடு அசோகச் சிங்கத்தையோ அரசின் கோபுரச் சின்னத்தையோ சேர்த்து வைக்கும் பேனர்கள் பெருகிவருகின்றன. மத்திய, மாநில அரசுகளின் சின்னங்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நாட்டுச் சின்னத்தை முறையின்றிப் பயன்படுத்துவதற்கு எதிராக 2005இல் தனிச் சட்டமே வந்தது. சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு. இளைஞர் மன்றங்களும் கடைக்காரர்களும் கயலைக் கயலாகவே, தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

மதுரை 1866 நவம்பர் 1 அன்று நகராட்சி ஆனது; 1971 மே 1 முதல் மாநகராட்சி. இந்த நகரத்தின் பொது இடங்களில் கயல் சின்னம் வைப்பதற்கு ஓர் அளவுத்தாள் வெளியிட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். மாநகராட்சியும் தொல்லியல் துறையும் அரசு அருங்காட்சியகமும் கூடிப் பேசினால் செய்யக்கூடிய வேலைதான் இது. பெரிய செலவும் இல்லை. தாளில் இருக்க வேண்டியவை: எழுத்து வரையறை, பெரிய படம், சிறிய படம், ஒற்றை நிறப் படம், பங்கு அளவு. எழுத்து வரையறைக்கு ஒரு முன்வரைவு தருகிறோம். “நிமிர்ந்து நிற்கும் இரண்டு கயல், தலை மேலே, பிளந்த வால் கீழே, வயிறு உள்நோக்கி, முதுகு வெளிநோக்கி. இரண்டுக்கும் நடுவே, அவற்றைவிட உயர்ந்த ஒரு செண்டு. அதன் வளைவு பார்ப்பவரின் வலப்பக்கம். இடமிருந்தால் மேலே ஒரு வெண்குடை.” இதைத் திருத்தியோ விரித்தோ அறிஞர்கள் முடிவு செய்யட்டும். அந்தத் தாள் வார்டு அலுவலகங்களில் கிடைக்க வேண்டும். கோப்பு இணையதளத்தில் இலவசமாக இருக்க வேண்டும். வளைவுக்கு அனுமதி கேட்டு வருபவரிடம் வரைபடத்தோடு அதையும் இணைத்துக் கொடுத்துவிட்டால், பிறகு இடித்துத் திருத்த வேண்டிய நிலை வராது.

பொருள் பற்றி அடிக்கடி எழும் கேள்விக்கும் சுருக்கமாக. மீன் சின்னம் மீனாட்சியம்மனால் வந்ததா என்று கேட்கிறார்கள். அம்மனைச் சம்பந்தர் தேவாரம் ‘அங்கயற்கண்ணி’ என்று பாடுகிறது. கோட்டு மீன் பொறித்த பெருவழுதி காசு அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது. முத்துக் குளிக்கும் கொற்கைத் துறையை ஆண்ட கடல்வழி வணிகக் குலத்துக்கு மீன் சின்னம் இயல்பாகவே அமைந்திருக்கும். கண் இமைக்காமல் குஞ்சு காக்கும் மீன்போல் அம்மன் குடிகளைக் காக்கிறாள் என்ற விளக்கம் பக்தி மரபில் வளர்ந்து, சின்னத்துக்குப் புதிய ஆழம் தந்தது. பள்ளிகளில் இரண்டையும் இந்த வரிசையிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

ஏற்கெனவே தவறாக வைத்தவர்கள் உடனே இடிக்க வேண்டியதில்லை. அடுத்த வெள்ளையடிப்பின்போது திருத்தக்கூடியவை பல. முந்தானைத் துடுப்பைச் சுருக்கலாம், பல்லை மறைக்கலாம், முதுகு முள்ளைத் தேய்த்து ஒரே துடுப்பாக்கலாம், சூலத்தின் இரு பக்க முனைகளையும் எடுத்துவிட்டு நடு முனையை வளைத்துச் சுதை பூசினால் செண்டாகிவிடும். பழைய சுதைமேல் புதியது பிடிக்க, முதலில் பெயிண்டைச் சுரண்டி, உளியால் கொத்திவிட்டு, நன்றாக நனைத்த பிறகே பூச வேண்டும். பெயிண்ட்டின் மேலேயே பூசினால் முதல் மழையிலேயே பெயர்ந்து வரும். வட்டமாக வளைந்த மீனராசி உருவத்தை மட்டும் திருத்த வழியில்லை. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதுவரை அதன் கீழே இருக்கும் ‘பாண்டியர் சின்னம்’ என்ற எழுத்தை அழித்து வைத்தால், பார்த்துப் படி எடுக்கிற அடுத்தவரிடம் அந்தப் பிழை போய்ச் சேராது.

இப்படிக்கு,
கல்வெட்டிலும் பழங்காசிலும் ஈடுபாடுள்ள வாசகர்கள்,
மதுரை.